பழைய டிராக்டரும் பளுவான கலப்பையும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, உப்பிலியபுரம் வட்டாரத்திலுள்ள ஒரு வாடகை யந்திரக் கூடத்தின் முற்றத்தில் நாம் ஒன்றேகால் மணி நேரம் நின்றிருக்க நேர்ந்தது. முதல் நாள் மாலை பச்சைமலைப் பக்கத்திலிருந்து இறங்கிய மழை மண்ணை நன்றாக நனைத்திருந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் நிலத்தைப் பொடியாக்கிச் சின்ன வெங்காயத்துக்குப் பாத்தி கட்டிவிட வேண்டுமென்று அங்கத்தினர் ஒருவர் தம் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அது அவருடைய தகப்பனார் காலத்து வண்டி. சுமார் 35 குதிரைத் திறன் கொண்டது. கூடத்தில் அவருக்கென்று எடுத்து வைத்திருந்தது ஆறடிச் சுழற்கலப்பை. ஊரார் ரொட்டவேட்டர் என்று சொல்வது அதனைத்தான். பணம் கட்டியாயிற்று, ரசீதும் கொடுத்தாயிற்று. மாட்ட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அந்தப் பாக்கிதான் ஒன்றேகால் மணி நேரம். வண்டியைப் பின்னுக்குக் கொண்டுவந்தார். கலப்பையைத் தாங்கும் கீழ்க் கைகள் இரண்டில் இடக்கை கலப்பையின் முளைக்கு நேராக வந்தது. வலக்கை இரண்டு அங்குலம் தள்ளி நின்றது. "கொஞ்சம் முன்னே எடுங்கண்ணே... போதும்... இல்லே, ஒரு சாண் பின்னே விடுங்க" என்று உடன் வந்த பையன் கலப்பைக்கும் சக்கரத்துக்கும் நடுவே குனிந்துகொண்டு சொல்வான். "பார்த்து, தம்பி, கையை எடுத்துக்கோ" என்று இவர் மேலிருந்து சொல்வார். வலக்கை நேரானதும் இடக்கை விலகிவிடும். கலப்பையோ மழை ஈரத்தில் நான்கு விரல் புதைந்து கிடந்தது. கடப்பாரை கொண்டுவந்து நெம்பினார்கள். அதற்குள் தூக்கி நிறுத்தியிருந்த கைகள் தாமாகவே மெல்ல இறங்கிவிட்டன. அவற்றை மறுபடி தூக்கவேண்டும். அதற்கு யந்திரம் ஓடவேண்டும். யந்திரம் ஓடினால் நடுவில் நிற்பவனுக்கு ஆபத்து. ஒருவாறு இரண்டு கைகளும் மாட்டிய பிறகு மேல் இணைப்புத் தண்டு ஒரு அங்குலம் எட்டவில்லை. அதன் மரை துருப்பிடித்து இறுகியிருந்தது. சம்மட்டி வந்தது. எல்லாம் முடிந்து அவர் புறப்பட்டபோது வெயில் ஏறிவிட்டது.

இதில் யாருடைய குற்றம் என்று நாம் தேட முற்படவில்லை. வண்டிக்காரர் திறமைசாலி. பையன் சுறுசுறுப்புள்ளவன். கூடத்துப் பணியாளர் தம் வேலை ரசீதோடு முடிந்துவிட்டதென்று உள்ளே போகாமல் தாமும் வந்து தோள் கொடுத்தார். ஆயினும் ஒரு காலைப்பொழுது வீணாயிற்று. இதே காட்சியை நாம் முன்பும் பல முற்றங்களில் கண்டிருக்கிறோம், வாசகர்களும் கண்டிருப்பார்கள். எவரும் இதைப் பற்றி எழுதுவதில்லை. யந்திரத்தின் விலை, மானியம், கடன், வாடகை இவற்றைப் பற்றி எழுதப்படும் அளவில் நூறில் ஒரு பங்குகூட, அந்த யந்திரத்தை வண்டியில் மாட்டும் விஷயத்தைப் பற்றி எழுதப்படுவதில்லை. மாட்ட முடியாத யந்திரம் கொட்டகையில் நிற்கும் இரும்பேயன்றி வேறில்லை என்பதால் இதைக் குறித்து நம் அபிப்பிராயத்தைச் சொல்லத் துணிகிறோம்.

நெசவாள அங்கத்தினர்கள் இதைப் படித்து, இது நமக்கு ஆகாத சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உறையூரிலும் மணமேட்டிலும் தறியில் உட்காருவோர்க்கு இந்தத் துன்பம் வேறொரு பெயரில் நன்றாகத் தெரிந்ததே. ஒரு பாவு தீர்ந்து மறு பாவு ஏற்றும்போது பழைய இழையின் நுனியோடு புதிய இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்கவேண்டும். அந்த நேரத்தில் துணி ஒரு விரற்கடைகூட வளர்வதில்லை. துணிக்குத்தான் கூலியே ஒழியப் பிணைப்பதற்கு இல்லை. உழவருக்கு வண்டியில் கலப்பை மாட்டும் நேரமும் அத்தகையதே. வேலை நடக்கிறது, வியர்வை வழிகிறது, கணக்கில் மட்டும் அது வேலையாகாது. உண்மையில் நெசவாளருடைய நிலை ஒரு வகையில் மேல். பாவு பிணைக்கையில் விரல் நசுங்குவதில்லை.

இந்தத் தொல்லை எங்கிருந்து வந்தது என்று சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது தகும். ஆதியில் டிராக்டர் என்பது மாட்டுக்குப் பதில் நின்ற ஓர் இழுவை யந்திரமே. பின்னால் ஒரு கட்டை, கட்டையில் ஒரு துளை, துளையில் ஒரு முளை. கலப்பையை அதில் கோத்து இழுத்துக்கொண்டு போனார்கள். நம் நாட்டில் 1947-ல் ஏற்பட்ட மத்திய டிராக்டர் ஸ்தாபனம், அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற யந்திரங்களைக் கொண்டு மத்திய இந்தியாவில் காடுபோல் மண்டியிருந்த காஸ் புல்லை உழுது எறியத் தொடங்கியது. 1949-ல் உலக வங்கி இதற்காக ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. அந்தப் பெரிய சங்கிலிச் சக்கர யந்திரங்களும் கலப்பையைப் பின்னால் இழுத்துச் சென்றவையே. இழுத்துச் செல்வதில் மாட்டுவது எளிது, முளை ஒன்றுதான். ஆனால் சிறிய வண்டிகளில் அந்த முறைக்குப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. கலப்பைக் கொழு பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் வண்டியின் முன்புறம் மேலெழும்பி ஓட்டியவர் மேலேயே கவிழ்ந்துவிடும். அவ்வாறு உயிரிழந்தோர் பலர்.

இதற்கு மாற்றுக் கண்டவர் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குஸன். முதல் உலகப் போர்க் காலத்தில் அயர்லாந்தில் டிராக்டர்களை மேற்பார்வை செய்யும் பணியில் அமர்ந்த அவர், இழுவைக் கலப்பையின் குறைகளை நேரில் கண்டார். கலப்பையை வண்டியின் பின்னால் கட்டி இழுக்காமல், கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று முனைகளில் வண்டியோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கவும் இறக்கவும் செய்யும் ஏற்பாட்டை வகுத்து 1926-ல் காப்புரிமை பெற்றார். மேலுள்ள தண்டுதான் இதன் உயிர். கலப்பை சிக்கிக்கொண்டால் அந்தத் தண்டு வண்டியின் முன்புறத்தைக் கீழே அழுத்தும். எனவே வண்டி கவிழாது. மண் இறுகினால் பின் சக்கரத்துக்குப் பாரம் கூடும். எனவே பிடிப்பும் கூடும். இலேசான வண்டி கனமான வண்டியின் வேலையைச் செய்யும். 1939-ல் ஹென்றி போர்டுடன் சேர்ந்து அமெரிக்காவிலும், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரிலும் இந்த ஏற்பாட்டுடன் வண்டிகள் செய்யப்பட்டன. கவென்ட்ரியில் செய்தவை மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். அதே ரக வண்டிகளில்தான் எட்மண்ட் ஹில்லாரி 1958 ஜனவரியில் தென்துருவம் போய்ச் சேர்ந்தார் என்பது வேடிக்கையான உபசெய்தி.

அந்த வண்டியுடன் ஒரே ஒரு திருகுசாவியைத்தான் கொடுத்தார்கள். அதன்மேல் அங்குல அளவு பொறித்திருந்தது. ஒரு மனிதன், ஒரு திருகுசாவி, சில நிமிஷங்கள். இவை கொண்டு கலப்பையை மாட்டிவிட வேண்டும் என்பது பெர்குஸனுடைய பிடிவாதம். அப்பிடிவாதத்தின் பேரப்பிள்ளைகள்தாம் நம் ஊர் வண்டிகள். 1953-ல் அவருடைய கம்பெனி கனடாவின் மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. 1960-ல் சென்னையில் டாபே நிறுவனம் ஏற்பட்டு, செம்பியம் தொழிற்சாலையிலிருந்து மாஸி பெர்குஸன் வண்டிகள் நம் வயல்களுக்கு வரலாயின. அதற்கு முந்திய ஆண்டிலேயே பரீதாபாதில் ஐஷர் வண்டி வந்துவிட்டது. 1963-ல் மகீந்திரா தொடர்பில் இன்டர்நேஷனல், 1971-ல் எச்.எம்.டி.யின் ஜெட்டார், 1974-ல் நம் நாட்டவரே வரைந்து செய்த ஸ்வராஜ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றிலும் மூன்று முனைகள்தாம். ஆனால் ஒரு மனிதனும் ஒரு திருகுசாவியும் என்பது மட்டும் வழியில் எங்கோ விடுபட்டு, மூன்று மனிதரும் கடப்பாரையும் சம்மட்டியும் என்றாகிவிட்டது.

ஏன் அப்படி ஆயிற்று? முதற் காரணம், கலப்பைகள் கனத்துவிட்டன. பழைய வண்டிகள் வந்த நாளில் அவற்றின் பின்னால் மாட்டியது ஐந்து கொழுக் கலப்பையோ ஒன்பது கொழுக் கலப்பையோதான். அதை இரண்டு பேர் சேர்ந்து அசைத்து நேர்ப்படுத்திவிடலாம். முளைக்கு முளை ஓர் அங்குலம் விலகினால் காலால் ஒரு தள்ளு போதும். இன்றைய ஆறடிச் சுழற்கலப்பை 400 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைக் காலால் தள்ளினால் கால்தான் நோகும். வண்டி கலப்பையிடம் அணுவளவும் பிசகாமல் போய் நிற்கவேண்டுமேயன்றிக் கலப்பை வண்டியிடம் வராது. சட்டிக் கலப்பையின் சங்கடம் வேறு விதம். கழற்றி வைத்தால் அது நேராக நிற்காது. ஒரு பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும். மறுமுறை மாட்டும்போது அதைத் தூக்கி நிறுத்தவே இருவர் வேண்டும்.

இரண்டாவது, வண்டியின் முதுமை. பெர்குஸனின் முதல் வண்டிகளில் கைகளை ஒரு குறித்த உயரத்தில் நிறுத்தி வைக்கும் ஏற்பாடே இல்லை. அது 1950-களின் நடுவில் வந்த 35 ரகத்தில்தான் சேர்ந்தது. நம் பழைய வண்டிகளில் அந்த நெம்புகோல் இருக்கிறது. ஆனால் உள்ளேயுள்ள வளையங்களும் அடைப்பான்களும் தேய்ந்து எண்ணெய் கசிவதால் கைகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒற்றைக் கிளச்சு வண்டிகளில் வேறொரு தொல்லை. எண்ணெயை அழுத்தும் பம்பு, பின்தண்டு சுழலும் அதே வழியிலிருந்து சக்தி பெறுகிறது. கிளச்சை மிதித்தால் வண்டி நிற்பதோடு தூக்கும் சக்தியும் நின்றுவிடும். ஆகவே ஒரு விரற்கடை பின்னே போய், அதே கணத்தில் ஒரு விரற்கடை கையைத் தூக்குவது என்பது அவற்றில் இயலாத வித்தை. புது வண்டியில் பழகியவர் பழைய வண்டியில் ஏறினால் தடுமாறுவது இதனால்தான்.

மூன்றாவதும், நம் கருத்தில் மிக முக்கியமானதும், அளவுப் பொருத்தமின்மை. மூன்று முனை இணைப்புக்கு உலக அளவில் வகைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன; இந்தியத் தர நிர்ணயத்திலும் 4468 என்ற எண்ணில் அது உண்டு. முதல் வகையில் கீழ் முளையின் கனம் 22 மில்லிமீட்டர், மேல் முளை 19. இரண்டாம் வகையில் கீழ் முளை 28, மேல் முளை 25. கலப்பையில் இரு கீழ் முளைகளுக்கும் இடையேயுள்ள தூரம் முதல் வகையில் 683 மில்லிமீட்டர். இரண்டாம் வகையில் 825. சிறிய வண்டிக்கு முதல் வகை, பெரிய வண்டிக்கு இரண்டாம் வகை என்பது ஏற்பாடு. இதை ஒரு தடவை மனத்தில் வாங்கிக்கொண்டால் முற்றத்தில் நடக்கும் பாதிக் கூத்தின் காரணம் விளங்கிவிடும். 28 மில்லிமீட்டர் முளையை 22 மில்லிமீட்டர் துளையில் எந்தச் சம்மட்டியாலும் நுழைக்க முடியாது. மாறாக 22 மில்லிமீட்டர் முளையை 28 துளையில் போட்டால் நுழைந்துவிடும். அதுதான் ஆபத்து. ஆடி ஆடித் தேய்ந்து, ஒரு நாள் வரப்பு ஏறும்போது ஒடியும். இதற்கென்று சிறு குழல் உறை விற்கிறது, விலை அற்பம். ஆனால் அது கைக்கெட்டும் இடத்தில் இருப்பதில்லை. நம்மவர்கள் முறுக்குக் கம்பியை வெட்டி முளையாக்கிக் கொள்கிறார்கள். வீட்டுக் கூரைக்குப் போடும் கம்பி அரை டன் இரும்பைத் தொங்கவிடுவதற்காகச் செய்யப்பட்டதன்று.

சுழற்கலப்பையில் இன்னொரு பிணைப்பும் உண்டு. வண்டியின் பின்தண்டிலிருந்து கலப்பைக்குச் சக்தி கொண்டுபோகும் நீள்தண்டு, அதாவது சாப்ட். ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு குழல்களாலான இது வண்டிக்கு வண்டி வேறு நீளம் வேண்டுவது. நீளம் மிகுந்தால் கலப்பையைத் தூக்கும்போது முட்டிக்கொண்டு பல்லிணைப் பெட்டியை உடைக்கும். குறைந்தால் கழன்று சுழன்று பக்கத்திலிருப்பவரை அடிக்கும். வாடகைக் கலப்பை நாளொரு வண்டிக்குப் போவது. அதன் சாப்ட் மட்டும் எல்லா வண்டிக்கும் ஒன்றே. ஒரு வண்டிக்காக அதை அறுத்துக் குறைத்துவிட்டு, அடுத்த வண்டிக்கு எட்டவில்லை என்று கைபிசைந்து நின்றதையும் நாம் கண்டிருக்கிறோம்.

மாட்டியாயிற்று என்பதாலேயே காரியம் முடிந்துவிட்டதாகாது. வண்டி அதைச் சுமக்கவேண்டும். விற்பனைத் தாளில் தூக்கும் சக்தி 1,100 கிலோ என்று இருக்கும். கலப்பை 450 கிலோதானே என்று நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். அந்த 1,100 கிலோ கைகளின் நுனியில் அளந்தது. கலப்பையின் கனமோ நுனிக்கு அப்பால் பின்னே தள்ளித் தொங்குகிறது. துலாக்கோலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,700 கிலோ வண்டியில் முன் அச்சின் மேல் 650 கிலோ நிற்கிறது, இரு அச்சுக்களுக்கும் இடைவெளி 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 450 கிலோ கலப்பையின் கன மையம் பின் அச்சிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி இருக்குமானால், தூக்கியவுடன் முன் அச்சிலிருந்து 325 கிலோ குறைந்துவிடும். மிச்சம் 325. வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 340 கிலோவாவது முன் அச்சில் நின்றால்தான் வண்டி திருப்பியபடி திரும்பும் என்பது யந்திரநூலார் வகுத்த விதி. சமதரையிலேயே இந்த நிலை என்றால், வாய்க்கால் கரையில் ஏறும்போது என்ன நேரும் என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதக்கும்; சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். முன்புறத்தில் இரும்புப் பாரம் மாட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. அந்தப் பாரத் துண்டுகளோ பல வண்டிகளில் எப்போதோ கழற்றப்பட்டுக் கிணற்று மேட்டில் வேறு உபயோகத்துக்குப் போய்விட்டன.

இங்கே ஒரு வார்த்தை வருத்தத்துடன் சொல்லவேண்டியிருக்கிறது. வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் நிற்பவர் பெரும்பாலும் வண்டியின் சொந்தக்காரர் அல்லர். கூலிக்கு வந்த இளைஞர், அல்லது பள்ளி விடுமுறையில் உள்ள மகன். கிளச்சில் இருக்கும் கால் ஒரு நூல் வழுவினால் முதலில் அகப்படுவது அவருடைய கை. நமக்குத் தெரிந்த ஒருவர் வலக்கை ஆள்காட்டி விரலின் நுனியை இவ்விதம் இழந்தார். அது பற்றி அவரிடம் கேட்டால், "நான்தான் அவசரப்பட்டேன்" என்பார். அவசரம் அவருடையதன்று, மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த வாடகையினுடையது என்று நாம் நினைக்கிறோம்.

பழைய வண்டிகளைத் தள்ளிவிட்டுப் புதியவை வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புது வண்டிகளில் தூக்கும் சக்தி அதிகம், கைகளின் நுனியை நீட்டி மடக்கிக்கொள்ளும் வசதி உண்டு, இரட்டைக் கிளச்சு உண்டு என்பதெல்லாம் உண்மையே. ஆனால் மூன்று ஏக்கர், நான்கு ஏக்கர் வைத்து வெங்காயமும் மரவள்ளியும் நெல்லும் மாற்றிச் செய்பவருக்குக் கடன் தீர்ந்த வண்டி ஒரு பெரிய சொத்து. அது காலையில் ஒரு திருப்பலில் கிளம்புகிறது. பழுதுபட்டால் துறையூரில் ஆள் இருக்கிறது. உதிரி பாகம் கிடைக்கிறது. எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூடுவதென்று அரசாங்கம் 2016-ல் முடிவு செய்த பிறகும் அந்த வண்டிகள் வயலில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. புது வண்டிக்காகப் பல லட்சம் கடன் ஏறினால் அதைத் தீர்க்க வெங்காய விலையை நம்பவேண்டும். வெங்காய விலையை நம்பிக் கடன் வாங்கும்படி எவருக்கும் யோசனை சொல்ல நமக்குத் துணிவில்லை.

வேறொரு சாராரும் உண்டு. மாட்டத்தான் முடிகிறதே, அக்காலத்தவர் இதைவிடக் கஷ்டப்படவில்லையா என்பார்கள். அவர்களுக்கு நாம் பதில் சொல்லப் போவதில்லை. கடப்பாரையை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம்.

மத்திய சர்க்காரின் வேளாண் யந்திரமயத் துணை இயக்கம் 2014-15-ல் தொடங்கியது முதல் வாடகை மையங்களுக்கு மானியம் கிடைத்து வருகிறது. வேளாண்மைப் பொறியியல் துறையும் யந்திரங்களை வாடகைக்குக் கொடுக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவும் யந்திரங்கள் வாங்கி வைத்திருக்கின்றன. இவை நல்ல காரியங்கள் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. நாம் கேட்பது, வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதே. பட்டியலில் பெரியது எது, மானியம் எதற்கு அதிகம் என்று பார்த்து வாங்கினால், அங்கத்தினர்களுடைய வண்டிகளில் மாட்ட முடியாத ஒன்று கொட்டகைக்கு வந்து சேரும். ஆறடிக்கு ஐந்தடி குறைவுதான். ஆனால் 35 குதிரைத் திறன் வண்டியில் ஐந்தடிக் கலப்பை நாள் முழுவதும் உழும். ஆறடிக் கலப்பை புகை கக்கிக்கொண்டு நின்று நின்று உழும். சக்கரத் தடம் மூடுகிற அகலம் இருந்தால் போதும். அதற்கு மேல் அகலம் பெருமைக்கு ஆகுமே தவிர உழவுக்கு ஆகாது.

ஆகவே வாங்குமுன் ஒரு காரியம் செய்யவேண்டும். அங்கத்தினர்களின் வண்டிகள் எவை, அவற்றின் கீழ் முளையும் மேல் முளையும் எத்தனை மில்லிமீட்டர், கிளச்சு ஒற்றையா இரட்டையா, முன்பாரம் இருக்கிறதா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு நிபுணர் வேண்டாம். ஒரு நாடாவும் பென்சிலும் போதும். எந்த ரக வண்டிக்கு எவ்வளவு தூக்கும் சக்தி என்பது மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலும், ஆந்திராவில் அனந்தப்பூரை அடுத்த கார்லதின்னேயிலும் உள்ள அரசாங்கச் சோதனை நிலையங்களின் அறிக்கைகளில் இருக்கிறது. விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் உரிமை. கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அடுத்தது முற்றம். சேற்றில் கிடக்கும் கலப்பையை எந்தச் சாமர்த்தியசாலியும் சுலபமாக மாட்ட முடியாது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி சிமெண்டுத் தளம் ஒன்று போட்டு, கோண இரும்பால் நிறுத்துக் கால்கள் செய்து, ஒவ்வொரு கலப்பையும் கழற்றும்போதே அடுத்த வண்டிக்கு ஏற்ற உயரத்தில் சமமாக நிற்கும்படி செய்துவிட்டால் வேலையில் பாதி குறையும். சட்டிக் கலப்பைக்கு இது அவசியத்திலும் அவசியம். துளை உறைகள், சரியான முளைகள், அவற்றை மாட்டும் கிளிப்புகள், நல்ல மரையுள்ள மேல் தண்டு ஒன்று, பக்க ஆட்டத்தைத் தடுக்கும் சங்கிலிகள், இரு நீளங்களில் சாப்ட் ஆகிய இவை கூடத்திலேயே இருக்கவேண்டும். சிலர் துரித இணைப்புச் சட்டம் என்று ஒன்றைச் சிபாரிசு செய்கிறார்கள். வண்டியில் சட்டம், கலப்பையில் சட்டம்; பின்னுக்கு வந்தவுடன் கொக்கி தானே மாட்டிக்கொள்ளும். அழகான ஏற்பாடுதான், பெரிய வண்டிக்குத் தகும். ஆனால் அது கலப்பையை மேலும் சில அங்குலம் பின்னே தள்ளுகிறது. முன் சக்கரம் மிதக்கும் சிறு வண்டிக்கு அது நோய்க்கு மருந்தா, மருந்துக்கு நோயா என்று நமக்குச் சந்தேகம். நிறுத்துக் கால்களே மேல்.

மாட்டும் ஒழுங்கும் ஒன்று உண்டு. முதலில் இடக்கை, பிறகு, உயரத்தைத் திருகித் திருத்தும் ஏற்பாடுள்ள வலக்கை, கடைசியாக மேல் தண்டு. கழற்றுவது இதற்கு நேர்மாறு. ஓட்டுபவர் பின்னுக்கு வரும்போது நடுவில் ஒருவரும் நிற்கலாகாது. வண்டி நின்று, கைகளை இறக்கி, யந்திரத்தை அணைத்து, கைப் பிரேக்கும் போட்ட பிறகே குனியவேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் மாட்டினால் நல்லது. அதைவிட, கூடத்துப் பணியாளர் ஒருவருக்கு இதிலே பயிற்சி கொடுத்து, மாட்டிக் கொடுப்பதும் அவர் கடமையே என்று எழுத்து மூலம் வைத்துவிடுவது நல்லது. இப்போது அவர் உதவி செய்வது நற்குணத்தால். நற்குணம் விடுமுறை எடுத்துக்கொள்ளும் நாளும் உண்டு.

சில வண்டிகளில் சில கலப்பைகளை மாட்டக்கூடாது என்று சொல்லும் உரிமையும் அந்தப் பணியாளருக்கு வேண்டும். கைகள் தாமாக இறங்கும் வண்டிக்கு, பிரேக்குச் சரியில்லாத வண்டிக்கு, முன்பாரம் இல்லாத வண்டிக்கு ஆறடிச் சுழற்கலப்பையைக் கொடுக்க மறுத்தால் அங்கத்தினர் கோபித்துக்கொள்வார். "பணம் கட்டிவிட்டேனே" என்பார். அந்தச் சந்தர்ப்பத்தில் நிர்வாகக் கமிட்டி பணியாளர் பக்கம் நிற்கவேண்டும். நாமும் அவர் பக்கம் நிற்போம். பழைய வண்டிக்காக இவ்வளவு பரிந்து பேசிய பின் இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். முரணன்று, வண்டிமீது உள்ள பரிவு வண்டி ஓட்டுபவர் மீதுள்ள பரிவுக்கு மேற்பட்டதாக இருக்க முடியாது.

கடைசியாக வாடகைக் கணக்கு. நாம் கண்ட அந்தக் கூடத்தில் கலப்பை கொட்டகையை விட்டு எடுக்கப்பட்ட நிமிஷத்திலிருந்து மணி ஓடத் தொடங்கிவிடுகிறது. அன்று அந்த அங்கத்தினருக்கு ஒன்றேகால் மணி நேரம் உழாமலே கணக்கேறிற்று. அவருடைய வண்டி பழையது என்பதற்காக அவர் அபராதம் கட்டினார் என்றே கொள்ளவேண்டும். முளை பொருந்தாதது அவர் குற்றமன்று. கலப்பை சேற்றில் புதைந்து கிடந்ததும் அவர் குற்றமன்று. கலப்பை வண்டியில் முறையாக மாட்டப்பட்டு, ஒரு தடவை தூக்கி இறக்கிப் பார்த்து, இருவரும் கையெழுத்திட்ட பிறகே மணி எண்ணத் தொடங்கவேண்டும் என்று விதியை மாற்றினால் இரண்டு நன்மைகள் உண்டு. முற்றத்தில் அவசரம் குறையும், விரல்கள் பிழைக்கும். மாட்டும் நேரம் சங்கத்தின் நேரமாகிவிட்டால், சிமெண்டுத் தளமும் நிறுத்துக் கால்களும் தாமாகவே சீக்கிரம் வந்து சேரும் என்பது நம் எதிர்பார்ப்பு. சங்கத்துக்கு நஷ்டம் வருமே என்று கணக்கர் கேட்பார். வரும், தளம் போட்டு முடியும் வரைக்கும் வரும்.

அந்த அங்கத்தினர் அன்று பிற்பகலில்தான் வயலில் இறங்கினார். பாதி நிலம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எஞ்சிய பாதி அடுத்த நாள் வெயிலில் காய்ந்து கட்டி தட்டிப் போய், மறு மழைக்குக் காத்திருந்தது.

இந்த ஆண்டு ஆடிக்கு முன்னால் கமிட்டிக் கூட்டம் ஒன்று இருக்கும். வாடகை விதியைத் திருத்தும் தீர்மானத்தை அங்கத்தினர் எவரும் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு வரும்போது தத்தம் வண்டியின் கீழ் முளையை அளந்து, 22-ஆ 28-ஆ என்பதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொண்டுவந்தால், நோட்டுப் புத்தகத்தை அன்றே தொடங்கிவிடலாம்.